பதினெட்டு யூனிட்

"சத்தியமா இன்னைக்கு ஒண்ணும் கொடுக்கலை தம்பி. என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்றார் பேக்கரிக்காரர். மாவு ஒட்டியிருந்த கையைத் துடைக்கக்கூட மறந்து அப்படியே தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"அப்பா ஒரு பன்னாவது வாங்கிச் சாப்பிட்டாராண்ணே? கோவமெல்லாம் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன்."

"பன்னும் இல்ல, பிஸ்கெட்டும் இல்ல. போன மாசம் நீ வந்து கடை முன்னாடி நின்னு கத்திட்டுப் போனியே, அன்னையிலிருந்து உங்கப்பா வந்தா நான் உள்ள போய் நின்னுக்குவேன். வேணும்னா கடைப் பையனைக் கேளு. ஐயோ, அவன்கூட இன்னைக்கு லீவு."

அவனுக்கு அழுகை வந்தது. காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அழுகை, அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்தியபோதும் வராத அழுகை, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த வெண்ணெய் பன்களைப் பார்த்ததும் வந்துவிட்டது. பேக்கரிக்காரர் இன்னும் பயந்துபோனார். சாவு வீட்டிலிருந்து மகன் எழுந்து நேராகக் கடைக்கு வந்து, அப்பா இங்கே என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் யாருக்குத்தான் வேறு என்ன தோன்றும்? பழி தன் தலையில் விழப்போகிறது என்றே அவர் நினைத்தார். போன மாதம் இதே இடத்தில் நின்று, "இனிமே எங்கப்பாவுக்கு ஏதாவது கொடுத்தீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று குதித்தவன், இப்போது 'கொடுத்தேன்' என்ற ஒரே ஒரு சொல்லைக் கேட்பதற்குத்தான் வந்திருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்!

அவன் வீட்டுக்குத் திரும்பினான். நாலு வீடு தாண்டினால் வீடு.

அப்பாவுக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி, ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசாமல் ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதுதான் சர்க்கரை முந்நூற்று எண்பது என்றும் தெரிந்தது. இதயம் இந்த நிலைமையில் இருக்கும்போது மாத்திரையை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று டாக்டர் இன்சுலின் எழுதினார். காலையில் பதினெட்டு யூனிட், இரவில் பத்து. ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு. வெளியூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அக்கா வந்து இதையெல்லாம் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: 'ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. சர்க்கரை ஏறினால் பார்த்துக்கொள்ளலாம். இறங்கினால் பார்க்க நேரம் இருக்காது.'

ஊசி போடுவது அவன் வேலை. அம்மாவுக்கு ஊசியைக் கண்டாலே கை நடுங்கும். சாப்பாடு கொடுப்பது அம்மாவின் வேலை. அவனுக்கு முட்டை அவிக்கக்கூட வராது. இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டதில் இருவருக்கும் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவன் போடுவான், அவள் கொடுப்பாள். ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை.

அப்பா மட்டும் தினமும் சட்டையைத் தூக்குவதற்கு முன்னால், "இன்னைக்கு வேணாம்டா" என்பார். ஒரு நாள் விட்டதில்லை. சில நாள் கெஞ்சுவார். சில நாள், நிரம்பி வழியும் பஸ்ஸில் தொற்ற வருபவனை விரட்டுகிற குரலில் அதிகாரமாகச் சொல்வார். அவனும், "சரிப்பா, நாளைக்கு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிடுவான். எட்டு மாதத்தில் அது அவர்கள் இருவருக்குமான ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வீட்டில் சிரிப்பு என்று ஒன்று மிச்சம் இருந்தால் அது அந்த நேரத்தில்தான்.

இன்று காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே நின்றுபோய்விட்டது, எட்டு மணிக்குள் ஓட வேண்டும் என்று போன் வந்திருந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தான். நூற்று நாற்பத்திரண்டு. மருந்துக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினான். அப்பா கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு வேணாம்டா. உங்கம்மா..." என்றார்.

"தினம் இதே பாட்டுதான்" என்று சொல்லி அவன் போட்டுவிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஏழேகாலுக்கு அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கை நடுங்கி, பேச்சு குழறி, அம்மாவைப் பார்த்து, 'டிக்கெட் எடுத்தாச்சா?' என்று கேட்டாராம். அம்மா மாரடைப்பு என்று நினைத்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அங்கிருந்த இளம் டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். லிஃப்ட் குழியிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்த அவனும் அப்படித்தான் நம்பினான். வந்த நோய்தானே, திரும்ப வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து கிடத்திய பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

"டெஸ்டுக்கு வெறும் வயித்துல வரச் சொன்னாங்கன்னு ஒரு வாய் கொடுக்காம வெச்சிருந்தேனே! பசிக்குதுடின்னு கேட்டாரே! வெறும் வயித்தோட அனுப்பிட்டேனே!"

கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். அவனுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. என்ன டெஸ்ட்? யார் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்? எட்டு மாதமாக அப்பா சொன்ன 'இன்னைக்கு வேணாம்டா' எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கேட்பது போல் இருந்தது. அதில் எது இன்றைக்குச் சொன்னது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. 'உங்கம்மா' என்றாரே, அதற்குப் பிறகு ஏதாவது சொன்னாரா? சொல்ல விட்டானா?

அப்போது எழுந்தவன்தான் பேக்கரிக்குப் போனான். அப்பா திருட்டுத்தனமாகத் தின்கிற ஆள். அதற்காக அவனும் அம்மாவும் அவரைப் படுத்தாத பாடு இல்லை. இன்றைக்கும் திருடியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேண்டிக்கொண்டது.

கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்தான். அப்பாவின் தலையணைக்கு அடியில் பார்த்தான். ரேடியோவுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒருமுறை அரைக் கிலோ கேக் இருந்தது. அலமாரியில் தொங்கிய பழைய காக்கிச் சட்டையின் பையில் கை விட்டபோது காகிதம் சரசரத்தது. பாதி காலியான பிஸ்கெட் பொட்டலம். இன்றைக்குப் பிரித்ததா, என்றைக்கோ பிரித்ததா? ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான். நமுத்துப்போயிருந்தது. ஒன்றுதான் அப்படி இருக்கும் என்று இன்னொன்றைக் கடித்தான்.

"பசிச்சா சொல்லேன்டா. அதுக்கு ஏன் ஒளிஞ்சு நின்னு திங்கிற?"

கண்டக்டர் மாமா கதவருகில் நின்றிருந்தார். அப்பாவின் பஸ்ஸில் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தவர். சொந்தம் இல்லை, சொந்தத்துக்கும் மேல்.

"அப்படியே உங்கப்பன் புத்தி" என்றவர், சிரிக்கப் போய் முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "வண்டி நாலு மணிக்குச் சொல்லியாச்சு. உங்கக்கா எங்க வந்துக்கிட்டிருக்கா?"

"ரெண்டரைக்கு வந்துருவா மாமா."

அந்தப் பதிலைச் சொன்னபோதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. அக்கா வந்து முதலில் அழுவாள். அழுது முடித்ததும் இரண்டே இரண்டு கேள்வி கேட்பாள். ஊசி போட்டியா? சாப்பிட்டாரா? முதல் கேள்விக்குப் பதில் அவனிடம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் அம்மாவிடம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி. தனித்தனியாக இருக்கும்வரை அது மாரடைப்பு. சேர்த்து வைத்துவிட்டால் வேறு ஒன்று.

அவன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்டின் மின்சாரத்தை நிறுத்தி, 'ஆள் உள்ளே இருக்கிறார்' என்ற அட்டையை எவன் மாட்டுகிறானோ அவனேதான் அதைக் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் இன்னொருவன் தொடக்கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதை அவன் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுப்பான். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலும் ஓர் அட்டை இருந்தது. டெஸ்ட் நாளில் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. அக்காதான் எழுதாமல் விட்டுவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்பட்டான்.

போன் அடித்தது. அக்கா. பஸ்ஸின் இரைச்சலுக்குள் அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"காலையில பார்த்தியாடா? சுகர் எவ்வளவு இருந்துச்சு?"

"கேக்கலைக்கா. நீ வா. வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான். நன்றாகவே கேட்டது.

அடுக்களையில் அம்மா தனியாக இருந்தாள். வந்தவர்களுக்குக் காபி போடுகிறேன் என்று எழுந்து வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தடுத்தும் கேட்கவில்லையாம். அடுப்பில் வெறும் பாத்திரம் காய்ந்துகொண்டிருந்தது. அவன் அடுப்பை அணைத்தான்.

"என்னம்மா டெஸ்ட்?"

"மூணு மாசத்துக்கு ஒருதரம் எடுப்பாங்களேடா. எட்டரைக்கு வரச் சொல்லி நேத்து போன் பண்ணாங்க. உன்கிட்ட சொன்னேனே."

"எப்போ?"

"நேத்து ராத்திரி. நீ சாப்பிட்டுக்கிட்டிருந்த. நாளைக்கு டெஸ்டு, ஊசி வேணாம், வந்து போட்டுக்கலாம்னு சொன்னேன். நீ 'ம்'னு சொன்ன." அவள் நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். "சொன்னேன்ல? இல்ல, நீ போன்ல பேசிக்கிட்டிருந்தியேன்னு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேனா? அவர்கிட்ட சொன்னேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. அவன் வந்தா வேணாம்னு சொல்லுங்கன்னு அவர்கிட்ட சொன்னேன்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறுகணமே தெரிந்துவிட்டது. அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள். உதடு ஒருமுறை அசைந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆமாம் என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். அவள் கேட்கவில்லை.

"வியர்த்துச்சுடா" என்றாள் மெதுவாக. "அப்படி வியர்த்துச்சு. நெஞ்சுதான்னு நினைச்சேன். சர்க்கரை டப்பா இங்கதான் இருந்துச்சு. இதோ, கை எட்டுற தூரத்துல. எனக்குத் தோணலை."

"அப்படித்தான்மா வியர்க்கும். நெஞ்சுன்னாலும் அப்படித்தான்."

"அப்போ எதுடா?"

"தெரியலைம்மா."

அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. பதினெட்டு யூனிட் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மனிதனைக் கொன்றுவிடுமா? பழுதுபட்ட இதயம் தானாக நின்றதா, நிற்க வைத்துவிட்டானா? இனி யார் வந்து குத்திப் பார்த்துச் சொல்வார்கள்? சர்க்கரை பார்க்கும் கருவியில் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எடுத்த அந்த நூற்று நாற்பத்திரண்டோடு கணக்கு முடிந்துபோயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் டம்ளர் எடுக்க உள்ளே வந்தாள். இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்குப் பேக்கரிக்காரர் வந்தார். கடையை மூடி, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்பாவின் காலருகில் கொஞ்ச நேரம் நின்றவர், அவனைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, காலையில நான் பயத்துல பொய் சொல்லிட்டேன். கொடுத்தேன். ஒரு வெண்ணெய் பன். கூட ஒரு டீயும். சக்கரை போட்டுத்தான்."

"நிஜமாவாண்ணே? எத்தனை மணிக்கு?"

"கடை திறந்து கொஞ்ச நேரத்துல. எட்டு, எட்டேகால் இருக்கும்."

"எட்டேகாலுக்கு அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார்ண்ணே."

"அப்போ ஏழு மணி. ஆமா, ஏழுதான். கடிகாரத்தை யார் தம்பி பார்த்தா?"

ஏழு மணிக்கு அந்தக் கடை திறப்பதே இல்லை. அது தெருவுக்கே தெரியும். நல்ல மனிதர். பாவம், பொய் சொல்லப் பழக்கம் இல்லை. காலையில் கெஞ்சிக்கொண்டு நின்றவனின் முகம் அவரை உறுத்தியிருக்கிறது. அவன் என்ன கேட்க வந்தான் என்று யோசித்து யோசித்து, அதையே செய்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் காலையில் சொன்னதுதான் உண்மை என்றும் எப்படிச் சொல்வது? அப்பா எங்கே எப்படி எதை வாங்கித் தின்றார் என்பது ஒருநாளும் வீட்டில் யாருக்கும் பிடிபட்டதில்லை.

"ரொம்ப நன்றிண்ணே" என்றான். அதை மனதாரத்தான் சொன்னான்.

அக்கா இரண்டே முக்காலுக்கு வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். கூடத்தில் ஓய்ந்திருந்த அழுகை மறுபடியும் கிளம்பி அடங்கியது. அவன் சுவரோடு ஒட்டி நின்றான். ஓடிவிடலாமா என்று இருந்தது. முப்பத்தாறு வயதில், அக்காவுக்குப் பயந்து, அப்பாவின் சாவன்று ஓடிப்போக நினைக்கிறவன் இந்த உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது. அக்கா அப்பாவின் கையை எடுத்து விரல் நுனிகளைப் பார்த்தாள். எட்டு மாதமாகக் குத்திக் குத்திக் கறுப்புப் புள்ளிகள் விழுந்த விரல்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"காலையில ஊசி போட்டியாடா?"

அவன் வாயைத் திறந்தான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். அது அத்தனை நேரக் குழப்பத்துக்குப் பிறகு சிறிது நிம்மதியாகக்கூட இருந்தது.

"போட்டான்" என்றாள் அம்மா.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே பேசினாள்.

"ஆறு மணிக்கு முன்னாடியே போட்டுட்டான். நான் குளிச்சுட்டு வந்து சாப்பாடு கொடுத்தேன். ரெண்டு ரொட்டி, ஒரு அவிச்ச முட்டை. மஞ்சக்கருவை ஒதுக்கி வெச்சுட்டார், வேணாம்னு. ரொட்டியை மட்டும் மிச்சம் வைக்காமச் சாப்பிட்டார்."

காலையிலிருந்து அந்த அம்மாள் வெறும் வயிறு, வெறும் வயிறு என்று நெஞ்சில் அடித்துக்கொண்டதைக் கேட்டு, கூடவே அழுத பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னாள். பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சாப்பிட்டார்னா சரி" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். "பஸ்ல வரும்போதெல்லாம் அதே நினைப்பும்மா. அப்போ ஹார்ட்தான்."

"ஹார்ட்தான்" என்றாள் அம்மா.

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பொய்யில் மஞ்சள் கருவை ஒதுக்கிவைக்க அவளுக்கு எங்கிருந்து வந்தது? இனி அவள் இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சொல்லிச் சொல்லி ஒருநாள் அவளுக்கே அது நடந்ததாகிவிடும். தனக்கு அப்படி ஆகாது என்று அவனுக்குத் தெரிந்தது. அவளைத் தனியே இந்தச் சுமையைத் தூக்க விட்டுவிட்டோமே என்று இருந்தது.

வாசலில் புதிதாக இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். அப்பாவோடு வேலை பார்த்த டிரைவர்கள். கண்டக்டர் மாமா எழுந்து போய் அவர்களை உள்ளே அழைத்துவந்தார்.

"எப்படிப்பா திடீர்னு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தார்?" என்றார் ஒருவர்.

"இன்னைக்கும் நல்லாத்தான்ப்பா இருந்திருக்கார்" என்றார் மாமா. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையில ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை சாப்பிட்டிருக்கார்."

அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள். அவன் போய் உட்கார்ந்தான்.